ராசிக்கைக்காரனின் அம்மா

மருந்துக்கடை அக்கா என்றால் அந்தத் தெருவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பத்தொன்பது வருடமாக அதே கடை, அதே கண்ணாடி மேஜை, அதே உயரமான நாற்காலி. முதலாளி ஒருவர் இருந்தார். அவர் மூலையில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருப்பார். கடையை நடத்தியது இவள்தான். டாக்டர் எழுதின சீட்டைப் பார்த்தால் எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்துபோன மாதிரி இருக்கும். அக்கா ஒரு தடவை கண்ணை ஓட்டுவாள், மூன்றாவது தட்டில் கையை விடுவாள், சரியான அட்டை மேஜைமேல் வந்து விழும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவளிடம் யாரும் பேச முடியாது. சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டு வருகிறவர்கள் கெஞ்சுவார்கள், அழுவார்கள், அவள் பிள்ளைகள் நன்றாக இருக்கவேண்டும் என்று வாழ்த்துவார்கள். "ரெண்டே ரெண்டு குடுங்கக்கா, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்."

"ஒரு நாளைக்கு மட்டும்னு சொன்னவங்க எல்லாரும் எனக்கு நிரந்தர வாடிக்கை. போயிட்டு சீட்டோட வாங்க."

ஒருத்தன் படி ஏறும்போதே அவன் எதற்கு வருகிறான் என்று நடையிலேயே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் வீட்டில், அவள் பெற்ற பிள்ளை, அவள் மூக்குக்குக் கீழேயே எட்டு மாதம் சூதாடியிருக்கிறான், இவளுக்குத் தெரியவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

கதை அந்தப் பிள்ளைக்குப் பத்து வயதாக இருந்தபோது ஆரம்பித்தது. அதை ஆரம்பித்து வைத்தவளும் இவள்தான்.

அவளுக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் படிப்பில் புலி. சின்னவன் படிப்பில் அந்தப் புலியைக் கண்டு ஓடுகிற ஜாதி. அப்பா சரக்குக் கிடங்கில் கிரேன் ஓட்டுபவர். உயரத்தில் தனியாக உட்கார்ந்து வேலை பார்க்கிற மனிதர். கீழே இறங்கி வந்தால் வாயில் வருவதெல்லாம் ஒரே வசனம். "அக்காவைப் பாரு. அவ கால் தூசிக்கு வருவியா நீ?" கெட்டவர் இல்லை. அவருக்கு அவருடைய அப்பா சொன்னதை அவர் இவனுக்குச் சொன்னார், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பது அந்த வீட்டில் தினசரி நடப்பு.

அன்றும் காலையில் மதிப்பெண் அட்டை வந்து, அந்த வசனமும் வந்து, பையன் சாப்பிடாமல் அம்மாவோடு கடைக்கு வந்துவிட்டான். அன்றைக்குத்தான் மருந்துக் கம்பெனி ஆள் ஒரு கண்ணாடி ஜாடியோடு வந்தார். இருமல் மருந்து நிறைய விற்றுக் கொடுத்த கடைகளுக்குப் பரிசு. குலுக்கல் என்று பேர். உள்ளே இருபது சீட்டு, இருபதிலும் 'பிரஷர் குக்கர்' என்றுதான் எழுதியிருந்தது. கடைக்காரர்களைச் சந்தோஷப்படுத்த அவர் செய்கிற கூத்து. முதலாளிக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

"உங்க பையனையே எடுக்கச் சொல்லுங்க" என்றார் கம்பெனி ஆள்.

பையன் இடது கைக்காரன். ஜாடிக்குள் கையை விட்டுத் துழாவி, ஒன்றை எடுத்து, அதை விட்டுவிட்டு, வேறொன்றை எடுத்தான். பிரித்துப் படித்தான். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்! "அம்மா, குக்கர்மா! நான் முதல்ல வேற சீட்டு எடுத்தேன், இது இல்லன்னு என் கைக்கே தெரிஞ்சுதும்மா!"

முதலாளி சிரித்துக்கொண்டே, "ராசிக்கைடா உனக்கு" என்றார்.

அந்த நிமிடத்தில் அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டு, 'போடா, எல்லாத்துலயும் அதான் இருக்கு' என்றால் முடிந்தது. ஆனால் காலையிலிருந்து வாடிக் கிடந்த முகம் அது. அவள் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, சாயங்காலம் குக்கரை வீட்டில் இறக்கி வைத்துவிட்டு, புருஷன் காதில் விழட்டும் என்று உரக்கவே சொன்னாள். "படிப்பு அக்காவுக்கு, ராசி தம்பிக்கு. ஆளுக்கு ஒண்ணு, கணக்கு சரியாப் போச்சு!"

பிள்ளைக்கு ஒரு சொத்து எழுதி வைத்த திருப்தியோடு அன்று தூங்கினாள்.

அதற்குப் பிறகு அந்தக் கை வீட்டின் பொதுச்சொத்து ஆனது. அவன் அக்கா பரீட்சைக்குக் கிளம்பும்போது பேனாவை இவன்தான் எடுத்துக் கொடுக்கவேண்டும். அப்பா வேலைக்குப் போகும்போது தலைக்கவசத்தை இவன்தான் நீட்டவேண்டும். அவள் தேர்வானால் கைராசி. தேர்வாகாமல் போனால் கேள்வித்தாள் கஷ்டம். காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், ஆனால் விழுந்த பழத்தை மட்டும் எண்ணினால் எந்தக் காக்காவும் பெரிய ஆளாகிவிடும். அப்பாகூட விளையாட்டாக, "எங்கடா அந்த ராசிக்கை?" என்று தேடுவார். நாளில் அந்த ஒரு நிமிடம்தான் அவர் அவனைத் தேடினார். அதை அவன் எப்படிப் பிடித்து வைத்திருந்தான் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

பையனுக்குப் பதினைந்து வயது நடக்கும்போது ஒரு மழைக்காலத்துக் காலை. அவன் அசந்து தூங்கிவிட்டான். அப்பா தானே தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு போனார். கிரேனிலிருந்து இறங்கும்போது ஈர ஏணியில் கால் வழுக்கி, இரண்டு ஆள் உயரத்திலிருந்து முதுகு அடிபட விழுந்தார். ஆஸ்பத்திரியில் வலியோடு படுத்திருந்தவர், பையன் வந்து நின்றதும் எல்லாரையும் சிரிக்க வைக்கலாம் என்று ஒன்று சொன்னார்.

"இன்னிக்கு உன் கை படலடா. அதான் விழுந்துட்டேன்."

செவிலி சிரித்தாள். அக்காக்காரி அழுதுகொண்டே சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். பையன் சிரித்தானா என்று யாரும் பார்க்கவில்லை. விளையாட்டு வினையாகும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம், எந்த விளையாட்டு என்பது மட்டும் முன்கூட்டித் தெரிவதில்லை.

அப்பா வேலைக்குத் திரும்பவில்லை. கூடத்தில் ஒரு கட்டில், அதில் அவர். முதுகு மட்டும் உடைந்திருந்தால் சமாளித்திருப்பார். காலை முழுக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, மாலை முழுக்க எல்லார்மேலும் எரிந்து விழுந்தார். மூத்தவள் படிப்புக்காக வெளியூர் விடுதிக்குப் போய்விட்டாள். அம்மா கடையில் இரண்டு வேளையும் நின்றாள்.

அந்தச் சமயத்தில்தான் பையன் போனில் ஒரு விளையாட்டைப் பிடித்தான். சிவப்பா, பச்சையா? நிமிடத்துக்கு ஒரு தடவை நிறம் விழும். முன்னாலேயே சரியாகச் சொன்னால் போட்டது இரட்டிப்பு, தப்பாகச் சொன்னால் போச்சு. மூளைக்கு வேலையில்லை, பலத்துக்கு வேலையில்லை. கைராசிக்காரனுக்கு என்றே செய்து வைத்தது போலிருந்தது. முதல் வாரமே நன்றாக விழுந்தது. அந்தக் காசில் அப்பாவுக்கு முதுகுக்கு ஒத்தடம் கொடுக்கிற மின்சாரப் பை ஒன்று வாங்கி வந்தான். நண்பனின் அண்ணன் கடையில் சனி, ஞாயிறு வேலை பார்க்கிறேன் என்றான். அப்பா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார்.

பதினாறு வயதில் ஒரு பிள்ளைக்கு அப்பாவிடமிருந்து வந்த முதல் பரவாயில்லை அது. அதை மறுபடி கேட்கத்தான் அவன் ஓடினான். அது மறுபடி காதில் விழவே இல்லை; கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரி, கையில் இருந்ததெல்லாம் தேய்ந்தது. முதலில் சைக்கிள் 'தொலைந்தது'. பிறகு பள்ளிக்கூடப் பணம் 'பையிலிருந்து விழுந்தது'. பிறகு நண்பர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள்.

இவள் என்ன செய்தாள்? சந்தோஷப்பட்டாள்! கடையிலிருந்து எடுத்து வருகிற கைகழுவும் மருந்துச் சின்ன பாட்டில்கள் வாரத்துக்கு நாலு காலியாகின. குளிக்கவே அடம் பிடிக்கிற பையன், மணிக்கொரு தரம் இடது கையைக் கழுவுகிறான். அந்தக் கையால் குப்பையைத் தொடுவதில்லை, பை தூக்குவதில்லை. "பிள்ளைக்குச் சுத்தம் வந்துடுச்சு" என்று முதலாளியிடம் பெருமை பேசினாள். தோற்கிற ஒவ்வொரு தடவையும் கை தீட்டாகிவிட்டது, கழுவினால் ராசி திரும்பும் என்று அவன் நம்பியதை அவள் எங்கே கண்டாள்?

அவன் பையில் ஒரு நோட்டு கிடைத்தபோதும் அவளுக்குப் புரியவில்லை. பக்கம் பக்கமாக 'சி, ப, ப, சி, சி, சி' என்று எழுதி, பக்கத்தில் மணி, நிமிடம். மாத்திரை வேளைக் குறிப்பு போல இருந்தது. அப்பாவுக்கு எந்த வேளைக்கு எந்த மருந்து என்று பிள்ளை எழுதி வைத்திருக்கிறான் என்று நினைத்து நெகிழ்ந்துபோய், எந்த மருந்துக்கு 'சி' என்று தேடிக்கொண்டிருந்தாள். வகுப்பு ஆசிரியை கடைக்கே வந்து, மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, பையன் போனில் சூதாடுகிறான் என்று மெதுவாகச் சொன்னபோதுதான் அது என்ன நோட்டு என்று தெரிந்தது.  எதிரே வாடிக்கையாளர் நீட்டிய சீட்டில் ஒரு எழுத்தும் அக்காவுக்குப் பிடிபடவில்லை.

அடித்தாள். அழுதாள். சத்தியம் வாங்கினாள். போனைப் பிடுங்கிக் கடையின் இரும்புப் பெட்டியில் வைத்தாள். அவன் நண்பன் போனில் ஆடினான், தெருமுனைக் கடைக்காரர் போனில் ஆடினான். பிடிபட்டபோதெல்லாம் ஒரே பேச்சு.

"நெருங்கிட்டேன்மா. நேத்து தொடர்ந்து ஏழு தடவை சரியா சொன்னேன். எட்டாவதுல ஒரே ஒரு நொடி கை பிந்திடுச்சு. அது மட்டும் பிந்தலன்னா..."

"தோத்தேன்னு சொல்லுடா!"

"தோக்கலம்மா. பிந்திட்டேன்."

கடையில் அத்தனை பேரிடம் கறாராக இல்லை என்று சொன்னவளுக்கு இவனிடம் மட்டும் வரவில்லை. அவன் வாங்கின கடனைக் கேட்டு நண்பனின் வீட்டிலிருந்து ஆள் வந்து வாசலில் நின்றால் அவள் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவாள். புருஷனுக்குத் தெரியாமல் மூடி மறைப்பாள். மகளிடம், "தம்பிக்குக் காய்ச்சல்" என்பாள். இதுதான் கடைசி என்று அவன் சொன்னான், இதுதான் கடைசி என்று அவளும் சொன்னாள். ராத்திரி தூக்கமில்லாமல் புரண்டபோது, பிள்ளையே இல்லாதிருந்தால் என்று ஒரு நினைப்பு வந்து, அந்த நினைப்புக்காகத் தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள்.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கே ஆலோசகராக இருந்த அம்மாள் ஒரு மணி நேரம் அவனோடு தனியாகப் பேசினாள். அவனை வெளியே உட்கார வைத்துவிட்டு இவளைக் கூப்பிட்டாள்.

"உனக்கு எது நல்லா வரும்னு கேட்டேங்க. எந்தப் பையனும் கிரிக்கெட்டு, டான்ஸுன்னு ஏதாவது சொல்வான். இவன் இடது கையைத் தூக்கிக் காட்டுறான். அப்பா விழுந்தது தன்னாலதான்னு நம்புறான். ஜெயிச்சு ஆபரேஷன் பண்ணி அப்பாவை நடக்க வெச்சுட்டா தன் கை மறுபடி சரியாயிடும்ங்கறான். ஆடறதை நிறுத்துன்னு நாம சொல்றது அவனுக்கு வேற மாதிரி கேக்குது. நீ ஒண்ணுமில்லன்னு சொல்ற மாதிரி கேக்குது. யாருங்க இந்தக் கை விஷயத்தை அவன் மண்டையில ஏத்துனது?"

அக்கா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். பேருந்தில் திரும்பும்போது பையன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, எதிரே வருகிற வண்டி சிவப்பா பச்சையா என்று உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டு வந்தான். அவள் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு நாள் யோசித்தாள். உண்மையைச் சொன்னால் பைத்தியம் தெளியும், அவ்வளவுதானே? ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு விடுமுறை. மதியச் சாப்பாடு முடிந்து, அப்பா கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பையன் சமையலறையில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான், வலது கையால் மட்டும்.

"டேய், அந்தக் குக்கர் இருக்கில்ல" என்று ஆரம்பித்தாள்.  "அன்னிக்கு ஜாடியில இருந்த எல்லா சீட்டுலயும் குக்கர்னுதான் எழுதியிருந்துச்சு. நீ எதை எடுத்திருந்தாலும் அதான் வந்திருக்கும்."

அவன் குழாயை மூடினான்.

"எல்லாத்துலயும்?"

"எல்லாத்துலயும்டா."

"உனக்குத் தெரியுமா அப்பவே?"

"தெரியும். நீ சாப்பிடாம வந்திருந்தே. சந்தோஷமா இருக்கட்டும்னு..." அவள் வேகவேகமாகப் பேசினாள். "அதனால உன் கையில ராசியும் இல்ல, சாபமும் இல்ல. அப்பா விழுந்தது மழையால. ஏணி ஈரம். நீ தூங்கினதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லடா, கண்ணு. நீ ஒண்ணுமே பண்ணல."

அவன் கத்துவான், தட்டை உடைப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் இடது கையைப் புரட்டிப் பார்த்தான். கழுவிக் கழுவித் தோல் உரிந்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

"அப்ப படிப்பு அக்காவுக்கு" என்றான். "எனக்கு என்னம்மா?"

கேள்வியில் கோபமே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான், கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

  எந்தக் கம்பெனி மருந்து தீர்ந்தாலும் அதற்கு மாற்று எதுவென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவள்! பெற்ற பிள்ளைக்கு என்ன வரும், எது பிடிக்கும், எதில் அவன் கெட்டி என்று தேடினாள், தேடினாள், பதினாறு வருடத்தையும் துழாவினாள். படிக்காதவன், தூங்குமூஞ்சி, ராசிக்கை, இப்போது சூதாடி. இந்த நாலைத் தவிர அவள் அவனைப் பற்றி எதையும் கவனித்து வைக்கவில்லை. 

"நீ நல்ல பிள்ளைடா" என்றாள் கடைசியில்.

"எல்லா அம்மாவும் சொல்றதும்மா அது."

கூடத்து மேஜையிலிருந்த அவளுடைய போனை எடுத்துக்கொண்டு அவன் உள் அறைக்குப் போனான். ஓடவில்லை, மறைக்கவில்லை. கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். "திறடா! டேய், திறடா!" உள்ளிருந்து அந்த விளையாட்டின் சத்தம் கேட்டது, தகரத்தில் காசு கொட்டுகிற மாதிரி. ஜெயித்தாலும் அதே சத்தம், தோற்றாலும் அதே சத்தம். போனில் இருக்கிற காசெல்லாம் போகட்டும், அது அவளுக்குப் பெரிதாகவே படவில்லை. போன தடவை ஆடியபோது அவன் தன்னிடம் ஏதோ இருக்கிறது என்று நம்பி ஆடினான். இந்தத் தடவை எதுவும் இல்லை என்று தெரிந்தே உள்ளே போயிருக்கிறான். அவளே சொல்லி அனுப்பியிருக்கிறாள். கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். "உனக்கு வழி மறக்காதுடா. ஒரு தடவை போன தெருவை நீ மறந்ததே இல்ல. பூனை உன்கிட்ட மட்டும்தான் வரும். நான் வர லேட்டானா விளக்கைப் போட்டு வெப்பே..." சொல்லச் சொல்ல அவளுக்கே அவை அற்பமாகப் பட்டன. இருந்தும் நிறுத்தப் பயந்துபோய்ச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"என்னடி சொன்னே அங்க?"

திரும்பினாள். கட்டிலில் அப்பா கண்ணைத் திறந்து கிடந்தார். எப்போதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. "நான் விழுந்தது அவனாலன்னு நினைச்சுட்டு இருந்தானா? ரெண்டு வருஷமாவா?"

"நீங்கதானே சொன்னீங்க, ஆஸ்பத்திரியில."

"சிரிக்கறதுக்குச் சொன்னேன்!" என்றார். பிறகு மெதுவாக, "சிரிச்சீங்களே எல்லாரும்" என்றார்.

இடுப்புப் பட்டை கட்டாமல் எழுந்திருக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதைத் தினமும் காலையில் வலிக்காமல் கட்டிவிடுகிறவன் கதவுக்கு உள்ளே இருந்தான். அவர் கட்டிலின் சட்டத்தைப் பிடித்து, பல்லைக் கடித்து, ஒரு பக்கமாகப் புரண்டு எழுந்தார். அவள் தாங்கப் போனாள். வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டார். சுவரைப் பிடித்து நடந்தார். நாலு எட்டு வைக்கவேண்டிய தூரம். ஒவ்வொரு எட்டுக்கும் நின்று மூச்சு வாங்கினார். வேர்வை கழுத்தில் வழிந்தது. கதவுக்கு வந்ததும் அதன்மேலேயே சாய்ந்துகொண்டார்.

உள்ளே காசுச் சத்தம் கொட்டியது. நின்றது. மறுபடி கொட்டியது.

"டேய்" என்றார். அக்கா கதவை விட்டு நகர்ந்தாள்.  தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த வீட்டில் யாரும் யாரிடமும் அதுவரை சொல்லாததைச் சொன்னார்.

"தோத்துட்டாலும் பரவாயில்லடா. தோத்துட்டே வெளிய வா. நானும் தோத்துட்டுத்தான் இங்க நிக்கறேன். ரொம்ப நேரம் நிக்க முடியாதுடா என்னால."

அவர் முழங்கால் மடங்கியது. அவள் பாய்ந்து பிடித்தாள். இருவரும் கதவடியில் சரிந்து உட்கார்ந்தார்கள். அவர் கதவைத் தட்டியபடியே இருந்தார். உள்ளே சத்தம் நின்றிருந்தது. தாழ்ப்பாள் இன்னும் அசையவில்லை.